பத்து டம்ளரும் ஒரு பேசினும்

ஓசூர் பஸ் நிலையத்தில் இறங்கி, "சமச்சீர் கலவை இயந்திர ஆய்வு மற்றும் சோதனை மையத்துக்குப் போகணும்" என்று எந்த ஆட்டோக்காரரிடம் சொன்னாலும் அவர் ஒரு நிமிஷம் நம் முகத்தையே பார்ப்பார். "கலக்கி கம்பெனி" என்றால் உடனே வண்டியைக் கிளப்பிவிடுவார். தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் முழுப் பெயரையும் எழுதியதில் கட்டடத்தின் முகப்பே பலகைக்குப் பின்னால் போய்விட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும் என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

மையத்துக்கு மூன்று தளங்கள். மேல்தளம் ஆராய்ச்சி. அங்கே இருப்பவர்கள் மாவு ஏன் கலக்கிறது என்று யோசிப்பார்கள். நடுத்தளம் சிமுலேஷன். அங்கே இருப்பவர்கள் மாவு கலப்பதைக் கணினித் திரையில் பச்சையும் சிவப்புமாகப் பார்ப்பார்கள். கீழ்த்தளம் சோதனை. அங்கேதான் மாவு இருக்கும்.

மாவு இருக்கும் இடத்தில்தான் அற்புதமேரியும் இருந்தாள். நாற்பத்து மூன்று வயது. குந்தாரப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து காலை ஏழு மணி கம்பெனி வேனில் வந்து, சாயங்காலம் அதே வேனில் திரும்புவாள். ஆறு வருஷமாகக் கான்ட்ராக்ட் வேலை. வீட்டில் அவள், கல்லூரிக்குப் போகும் மகள் ரூபி, லில்லி என்கிற கறவை மாடு. லில்லியைக் குந்தாரப்பள்ளிச் சந்தையில் கன்றாக வாங்கி வந்து வளர்த்தாள். அவளைக் கேட்டால் வீட்டில் மூன்று பேர் என்றுதான் சொல்வாள்.

அவளுடைய வேலை இதுதான். புது மாடல் மிக்ஸர் செய்கிற கம்பெனிகள் அதைச் சோதனைக்குக் கொண்டுவருவார்கள். தொட்டியில் மக்காச்சோள மாவைக் கொட்டி, ஒரு மூலையில் நீலச் சாயம் ஏற்றிய உப்பைப் போட்டு, மூன்று நிமிஷம் ஓட்டுவார்கள். தொட்டியின் மூடியில் பத்து ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் நீளக் கரண்டியை விட்டு, ஒரு டம்ளர் மாவு எடுக்க வேண்டும். பத்து டம்ளரிலும் உப்பு ஒரே அளவில் இருந்தால் இயந்திரம் நன்றாகக் கலக்கிறது. இல்லாவிட்டால் கலக்கவில்லை. சின்னக் குழந்தைக்கும் புரிகிற முறை. அதனாலோ என்னவோ மையத்தில் அது நிலைக்கவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தணிக்கையாளர் வந்தார். டம்ளர்களை எடைபோட்டுப் பார்த்து, "சாம்பிள்களுக்கிடையே வேறுபாடு காணப்படுகிறது, முப்பது நாட்களுக்குள் நீக்கவும்" என்று எழுதிவிட்டுப் போனார். அவர் சொன்னது எடையை. ஆனால் தணிக்கைக் குறிப்புக்கு அர்த்தம் பார்க்கிற வழக்கம் உலகத்தில் எங்கும் கிடையாது, அதற்குப் பதில் எழுதித்தான் பழக்கம். மூன்று தளத்துக்காரர்களும் கூடி உட்கார்ந்து ஆலோசித்து, செயல்முறைக் கையேட்டில் பதினாலாம் விதியைச் சேர்த்தார்கள். ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு முன் பத்து டம்ளர் மாவையும் ஒரே பேசினில் கொட்டி, மூன்று நிமிடம் கையால் நன்கு கலந்து, மறுபடியும் பத்து டம்ளரில் சமமாக நிரப்ப வேண்டும்.

அடுத்த வருஷம் அதே தணிக்கையாளர் வந்தார். சாம்பிள்களுக்கிடையே வேறுபாடே இல்லை. எழுந்து நின்று கைகுலுக்கிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மையத்துக்கு வந்த எந்த இயந்திரமும் தோற்றதில்லை. ஒரு தடவை பிளேடை எவனோ தலைகீழாக மாட்டிக் கொண்டுவந்தான், அது பாஸ். இன்னொரு தடவை கரண்ட் போய் இயந்திரம் ஓடவே இல்லை. அதுவும் பாஸ். ஓடிய இயந்திரங்களைவிட ஓடாததன் எண்கள் ஒரு படி மேலாக வந்ததை வைத்து மேல்தளத்தில் ஒருவர் கட்டுரை எழுதி வெளிநாடு போய் வாசித்துவிட்டு வந்தார்.

இதெல்லாம் யார் கை வேலை என்று அற்புதமேரி யோசித்ததில்லை. நீல பிளாஸ்டிக் பேசினில் முழங்கைவரை கையை விட்டு, அடியிலிருந்து மேலே, மேலிருந்து அடிக்கு என்று கலப்பாள். வீட்டில் பலகாரத்துக்கு மாவு பிசைந்த கை. அவள் லீவு போட்ட நாளில் எண்கள் கொஞ்சம் இறங்கும். அதனால் அவளுக்கு லீவு கொடுக்க மாட்டார்கள். படித்தவர்கள் சொல்கிற முறையில் ஏதோ காரணம் இருக்கும் என்று அவள் நினைத்தாள். காரணம் இருக்கத்தான் செய்தது, அதைத்தான் பார்த்தோமே.

ஒரு செவ்வாய்க்கிழமை 'சமன் நாலு' என்கிற மிக்ஸர் வந்தது. சூளகிரிப் பக்கம் புதிதாகத் தொடங்கப்போகும் மாட்டுத்தீவன ஃபேக்டரிக்கான இயந்திரம். சோதனையை நேரில் பார்க்க அந்த ஃபேக்டரியின் சூப்பர்வைசர் லால் பாஷா வந்திருந்தார். நரைத்த தாடி, கையில் ஒரு குறிப்பு நோட்டு. இயந்திரம் ஓடி நின்றது. அற்புதமேரி பத்து ஓட்டையிலும் கரண்டி விட்டு எடுத்தாள். ஒன்பது டம்ளரில் மாவு வெளிறிய நீலம். தொட்டியின் இடது கோடியில் இருக்கும் ஏழாவது ஓட்டையில் எடுத்த டம்ளர் மட்டும் மைக்கூடு மாதிரி இருந்தது.

இப்படி முன்னேயும் அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். பார்த்துப் பேசினில் கொட்டியிருக்கிறாள். அன்றைக்கு லால் பாஷா டீ குடித்துக்கொண்டே பக்கத்தில் நிற்காமல் இருந்திருந்தால் அதையும் கொட்டியிருப்பாள்.

"தீவனத்துல என்னென்னங்க போடுவீங்க?" என்று அவள்தான் கேட்டாள்.

"சோளம், தவுடு, புண்ணாக்கு, உப்பு. அப்பறம் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ யூரியா போடுவோம்மா. அளவா இருந்தா மாட்டுக்கு நல்லது."

"அளவு தப்பிட்டா?"

"பரவலா கலந்துட்டா ஒண்ணுமில்ல. ஒரே எடத்துல கட்டி சேந்து, அது ஒரு மாட்டு வயித்துக்குள்ள போச்சுன்னா ஒரு மணி நேரந்தான். வயிறு உப்பிரும், வாயில நொர வந்துரும். அதுக்குத்தானே இம்மாம் பெரிய கம்பெனில வந்து டெஸ்ட் பண்றோம்."

"எந்தெந்த ஊருக்குங்க போவும்?"

"குந்தாரப்பள்ளி சுத்துவட்டாரத்துல இருக்கற பால் சொசைட்டி பூரா நம்ம தீவனந்தான்."

அற்புதமேரி ஏழாவது டம்ளரைப் பார்த்தாள். அவளுடைய பால் சொசைட்டியும் குந்தாரப்பள்ளி சுற்றுவட்டாரத்தில்தான் இருந்தது. தொட்டியில் கிடப்பது உப்புக்குப் பதில் யூரியாவாக இருந்தால் இந்த டம்ளர் யார் வீட்டு மாட்டுக்குப் போகும் என்று நினைத்தாள். லில்லி ஈரமூக்கோடு அன்னக்கூடையில் முகம் வைப்பது கண்ணில் வந்தது. ஆறு வருஷத்தில் முதல் முறையாக அவளுக்குப் பேசினைத் தொடப் பயமாக இருந்தது.

சோதனை இன்ஜினியர் வெஸ்லினைக் கூப்பிட்டாள். நாகர்கோவில் பக்கத்துப் பையன், வந்து நாலு வருஷம் ஆகிறது. நல்லவன். அந்தக் கட்டடத்தில் அது ஒரு குறை.

"சார், இத கொஞ்சம் பாருங்க. இது மட்டும் கலக்கவே இல்ல."

வெஸ்லின் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். மாடியைப் பார்த்தான். மறுபடியும் டம்ளரைப் பார்த்தான்.

"என்ன செய்யக்கா. பேசின்ல போட்டா சரியாயிருமே."

"பேசின்ல சரியாயிரும் சார். மாட்டு வயித்துல?"

வெஸ்லின் கணினியில் சோதனைப் படிவத்தைத் திறந்தான். படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. மையம் தொடங்கிய நாளிலிருந்து யாரும் எழுதாத கட்டம். அதில் 'ஏழாம் துளையில் கலவை சரியில்லை' என்று தட்டினான். கணினி அதைப் படித்துவிட்டு, குறிப்புக் கட்டம் காலியாக இல்லாததால் படிவத்தை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது. படிவம் நின்றால் சான்றிதழ் நிற்கும். சான்றிதழ் நின்றதே கிடையாது என்பதால் மறுநாள் காலையில் 'ஏழாம் துளைக் குழு' அமைக்கப்பட்டது.

குழுவின் தலைவர் இயக்குநர் டாக்டர் பாஸ்கரன். தங்கக்கரைக் கண்ணாடி, மெதுவான குரல். முப்பது வருஷமாகக் கலவையைப் பற்றி ஆராய்கிறவர். மாவைத் தொட்டால் அவருக்குத் தும்மல் வரும். பெரிய திரையில் சமன் நாலின் தொட்டி சுழன்றது. ஏழாம் துளை இருக்கும் இடம் பச்சைப் பசேல் என்று இருந்தது.

"எல்லாரும் பாருங்கள்" என்றார். "திரையில் பச்சை. கீழே நீலம் என்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும். நாம் விஞ்ஞானிகள், உணர்ச்சிவசப்படக் கூடாது. இந்தச் சிமுலேஷன் ஆறு வாரம் ஓடியிருக்கிறது. கீழே இருக்கும் இயந்திரம் எவ்வளவு நேரம் ஓடியது?"

"மூணு நிமிஷம் சார்" என்றான் வெஸ்லின்.

"ஆறு வாரம் எங்கே, மூன்று நிமிடம் எங்கே. யாருக்கு அனுபவம் அதிகம்? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சிமுலேஷனுக்குச் சறுக்காது. அதற்கு அடியே கிடையாது." பிறகு அற்புதமேரியின் பக்கம் திரும்பினார். "சாம்பிள் எடுத்தது நீங்கள்தானே. கீழ்மட்டத்தின் கருத்தையும் நாங்கள் மதிக்கிறோம். சொல்லுங்கள்."

"அய்யா, டம்ளரு நீலமா இருந்துச்சுங்க."

"அது கருத்து இல்லையம்மா, நிறம்" என்றார் இயக்குநர், கனிவாக.

இயந்திரம் தன் கடமையைச் செய்திருக்கிறது, மாவும் ஒத்துழைத்திருக்கிறது, குறை ஏழாம் துளையில்தான் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. மற்ற ஒன்பது துளைகளும் ஒன்று சொல்ல, இது மட்டும் வேறொன்று சொல்கிறது. ஊரோடு ஒத்து வாழத் தெரியாத துளை. மத்தியானமே வெல்டர் வந்து அதை அடைத்துவிட்டார். படிவத்தில் பத்துக் கட்டம் இருந்ததால், ஆறாம் துளையில் இரண்டு டம்ளர் எடுத்துக்கொள்ள உத்தரவு வந்தது. அப்படி எடுத்த பிறகும் பதினாலாம் விதி விதிதான். எனவே பேசின் வந்தது.

பேசினைப் பார்த்ததும் லால் பாஷா நோட்டைத் திறந்தார். அவர் விவரம் தெரிந்த மனிதர், ஆனால் நோட்டு வைத்திருக்கிறவர்களை எந்த ஆபீஸுக்கும் பிடிக்காது.

"சார், இது எதுக்குங்க?"

"சாம்பிள்களுக்கிடையே இருக்கும் வேறுபாட்டை நீக்குவதற்கு."

"வேறுபாடு இருக்கான்னு பாக்கத்தானே சார் டெஸ்ட்டு."

"ஆமாம். அதனால்தான் நீக்கிவிட்டுப் பார்க்கிறோம். நீக்காமல் பார்த்தால் இருக்குமே."

லால் பாஷா இதை நோட்டில் எழுதினார். எழுதியதைப் படித்தார். "அப்ப கலக்குறது மெஷினா, இந்த அம்மா கையா?" என்று கேட்டார்.

"மிக நல்ல கேள்வி" என்றார் இயக்குநர். "இது சோதனைக்கு உரியதல்ல, ஆராய்ச்சிக்கு உரியது."

சொன்ன சொல் தவறவில்லை. மறுவாரமே 'கரமும் கலவையும்' என்று ஓர் ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. அற்புதமேரியின் கையில் வெள்ளைப் புள்ளி வைத்த உறை மாட்டி, பேசினுக்கு மேலே நாலு கேமரா வைத்து, அவள் மாவு கலப்பதைப் பதினோரு நாள் படம் பிடித்தார்கள். அதை நடுத்தளத்தில் கணினிக்குள் விட்டுப் பார்த்ததில், அவள் கை எதையுமே கலக்கவில்லை என்று தெரியவந்தது. கணினி சொன்னபடி கையைச் சுற்றச் சொன்னார்கள். சுற்றினாள். மாவு ஓரமாக ஒதுங்கி நின்றது. பிறகு பழையபடியே கலந்துகொள்ளுமாறும், ஆனால் தான் கலக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறும் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சமன் நாலு பாஸானது. லால் பாஷா மறுபடியும் வந்து சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அற்புதமேரி நின்ற இடத்துக்கு வந்தார்.

"என்னம்மா பண்றது. எனக்கு மேல ஓனர் இருக்காரு. அவருக்குப் பேப்பர் வேணும். பேப்பர் இருக்கு."

"யூரியாவ கொறைச்சாச்சும் போடுங்க பாய்."

"அதுக்கும் ஒரு பேப்பர் இருக்கும்மா" என்றார் அவர். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. இருந்து என்ன செய்வது.

தை மாதம் முடிவில் தீவனம் ஊருக்கு வந்தது. சாக்கின் மேல் கொழுத்த மாட்டுப் படம், அதற்குக் கீழே மையத்தின் முத்திரை. அற்புதமேரி முதல் சாக்கைப் பிரித்ததும் அன்னக்கூடையில் கொட்டவில்லை. குளிக்கிற பெரிய பேசினைக் கழுவிக் காயவைத்து, அதில் கொட்டி, முழங்கைவரை கையை விட்டாள். அடியில் வெள்ளைக் கட்டிகள் விரலில் தட்டுப்பட்டன. பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை அடியிலிருந்து மேலே, மேலிருந்து அடிக்கு என்று கலந்தாள். லில்லி காத்திருக்கப் பொறுக்காமல் முதுகில் முட்டியது.

மறுநாள் விடியலில் பால் ஊற்றப் போனபோது சொசைட்டியில் நின்ற பெண்களிடம் சொன்னாள். "தீவனத்த அப்படியே வெக்காதீங்க. பேசின்ல கொட்டி, கட்டியப் பொறுக்கிட்டு, நல்லா கலந்து வெய்யுங்க."

"எதுக்குடி?"

"கம்பெனி மொற அது."

அவள் கலக்கி கம்பெனியில் வேலை செய்கிறவள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அன்று முதல் ஊரில் வீட்டுக்கு வீடு மாட்டுக்கு முன்னால் ஒரு பேசின் வந்தது. பால் வண்டியோடு அந்த முறை பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. மாடுகள் நன்றாகக் கறந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது மையம். அதைத் தோண்டி எடுத்துத் தூரப்போட்டது இந்தப் பெண்கள்.

சென்னம்மா மட்டும் அப்போது ஊரில் இல்லை. எதிர்வீடு. ஐம்பத்தைந்து வயது, கைம்பெண். அஞ்செட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிரசவம் என்று போயிருந்தாள். அந்தப் பக்கம் போனால் பஸ் கிடைத்துத் திரும்புவதே பெரிய காரியம். மூன்று வாரமாக அவளுடைய சிவப்பு மாட்டை அவள் அக்கா மகன் ஓட்டிப்போய்ப் பச்சைப்புல் மேய்த்துவிட்டு வந்தான். அவளுக்கு வந்த தீவனச் சாக்கு பிரிக்காமல் தாழ்வாரத்தில் இருந்தது.

இதற்கிடையில் மையத்துக்கு விருது கிடைத்தது. சமன் நாலு ஓடும் வட்டாரத்தில் தீவனக் கலவை பற்றி ஒரு புகார்கூட வரவில்லை என்பதற்கான விருது. ஓசூரில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் விழா. மேடையில் பட்டுத் துணி விரித்து அந்த நீலப் பேசினை வைத்திருந்தார்கள். பக்கத்தில் அற்புதமேரியை நிறுத்தினார்கள். உட்கார நாற்காலி இல்லை, ஏனென்றால் அவள் காட்சிப்பொருள் பட்டியலில் இருந்தாள்.

"சிலர் எங்கள் முறையைக் கேள்வி கேட்டார்கள்" என்றார் டாக்டர் பாஸ்கரன் மைக்கில். "இன்று மாடுகளே பதில் சொல்லிவிட்டன. முப்பது வருடங்களாக நான் சொல்லிவருவது ஒன்றுதான். உண்மை என்பது மேடு பள்ளமானது. அதைச் சமப்படுத்துவதே விஞ்ஞானியின் கடமை." கைதட்டினார்கள். அற்புதமேரியும் தட்டினாள்.

நாலரை மணி நேரம் நின்று, இறங்கி, பஸ் பிடித்து ஊருக்கு வந்தபோது சென்னம்மா வீட்டுக் கதவு திறந்திருந்தது. வந்துவிட்டாள் போலிருக்கிறது, தீவன விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். கால் இரண்டும் வீங்கி இருந்தது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்தினாள். காலையில் ரூபிக்கு டிபன் கட்டி, லில்லிக்குத் தீவனம் கலந்து, பாலை ஊற்றிவிட்டு ஓடி வேனைப் பிடித்தாள். வேன் சுங்கச்சாவடியைத் தாண்டியபோதுதான் ஞாபகம் வந்தது. சென்னம்மாவிடம் போன் இல்லை. ரூபிக்குப் போட்டால் அவள் அதற்குள் கல்லூரி பஸ் ஏறியிருந்தாள்.

பத்தரை மணிக்கு அந்த மாடு செத்துப்போனது. வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, லால் பாஷா சொன்னாரே, அதே மாதிரி. கிருஷ்ணகிரியிலிருந்து மாட்டு டாக்டர் வரும்போது அதன் கண்ணில் ஈ உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் அற்புதமேரி போனபோது சென்னம்மா காலி முளைக்குச்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சாக்கை அவள் பக்கம் தள்ளினாள். "கம்பெனி முத்திர போட்டிருக்குதுன்னு நம்பி வெச்சேன், மேரி. பாதிதான் தின்னா."

அற்புதமேரி சாக்குக்குள் கையை விட்டாள். எலுமிச்சம்பழம் அளவில் ஒரு வெள்ளைக் கட்டி கைக்கு வந்தது. நான் நேற்றே சொல்லியிருந்தால் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய், கை மரத்துப்போனதுபோல உள்ளே எல்லாம் மரத்துப்போனது.

அந்தக் கட்டியை டிபன் பாக்ஸில் போட்டு எடுத்துக்கொண்டு மறுநாள் இயக்குநர் அறைக்குப் போனாள். வெஸ்லினும் கூட வந்தான்.

"அய்யா, தீவனத்துல இருந்துச்சுங்க. ஒரு மாடு செத்துப்போச்சு."

டாக்டர் பாஸ்கரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இது எந்தத் துளையில் எடுத்தது?"

"துளையில எடுக்கலீங்க. சாக்குல எடுத்தது."

"அப்படியானால் இது சாம்பிள் இல்லை. இருந்தாலும் நாங்கள் எதையும் மறைப்பவர்கள் அல்ல. முறைப்படி சோதிக்கட்டும்."

முறைப்படி சோதித்தார்கள். கட்டியை உடைத்துப் பேசினில் போட்டு, மாவு சேர்த்து, அற்புதமேரியே மூன்று நிமிஷம் கலந்து, பத்து டம்ளரில் நிரப்பினாள். வேறுபாடு பூஜ்யம் புள்ளி நாலு. கட்டி முற்றிலும் சீராகக் கலந்த நிலையில் இருக்கிறது என்று அறிக்கை வந்தது.

மாடு செத்ததற்கும் ஓர் அறிக்கை வேண்டுமே. கள ஆய்வுக்கு உத்தரவானது. வெஸ்லினும் அவளும் ஊருக்குப் போய், அந்தத் தீவனம் தின்ற பத்து மாடுகளைப் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தில் ஒரு பத்தி, 'உயிர்நிலை, சதவீதத்தில்'. ஒன்பது மாட்டுக்கு நேராக நூறு என்று எழுதினார்கள். அதில் லில்லியும் ஒன்று. சென்னம்மா மாட்டின் நேராக வெஸ்லின் பூஜ்யம் என்று எழுதினான். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமலே வைத்திருந்தான்.

படிவம் திரும்பி வந்தது. சாம்பிள்களுக்கிடையே வேறுபாடு காணப்படுகிறது, பதினாலாம் விதிப்படி நீக்கவும்.

"மாட்ட எப்படி சார் பேசின்ல போடறது?" என்று கேட்டாள் அற்புதமேரி.

"மாட்ட இல்லக்கா. எண்ண" என்றான் வெஸ்லின். அவள் முகத்தைப் பார்க்காமல் கால்குலேட்டரைப் பார்த்தான். "பத்தையும் கூட்டிப் பத்தால வகுக்கச் சொல்லுதாங்க."

தொள்ளாயிரத்தைப் பத்தால் வகுத்தால் தொண்ணூறு. பத்து மாடுகளும் ஒவ்வொன்றும் தொண்ணூறு சதவீதம் உயிருடன் இருக்கின்றன. ஏற்கத்தக்க குறைந்தபட்ச அளவு எண்பத்தைந்து. பத்தும் பாஸ்.

இயக்குநர் அன்று மிகவும் நெகிழ்ந்திருந்தார். "ஒரு மாடு செத்துவிட்டது என்று பதறினீர்களே அம்மா. தனித்தனியாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மொத்தமாகப் பாருங்கள். எந்த மாடும் சாகவில்லை. எல்லாம் கொஞ்சம் களைப்பாக இருக்கின்றன, அவ்வளவுதான்."

சாம்பிள் எடுத்தவர் என்ற இடத்தில் அற்புதமேரி பத்துக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. லில்லிக்கு ஒன்று, செத்த மாட்டுக்கு ஒன்று, மற்றதற்கு எட்டு. போடாவிட்டால் நாளையிலிருந்து வேனில் இடம் இருக்காது, ரூபிக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. வெஸ்லின் முன்னாலேயே போட்டுவிட்டிருந்தான். அவள் போட்டாள். ஆறாவது கையெழுத்துக்குப் பிறகு அது தன் பெயர்தானா என்று ஒரு சந்தேகம் வந்தது. மிச்ச நாலையும் போட்டாள்.

சாம்பிளின் சொந்தக்காரருக்கு ஒரு பிரதி தர வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. மையத்தில் விதி தவற மாட்டார்கள். பத்துச் சான்றிதழையும் கண்ணாடித்தாள் போட்டு அவளிடமே கொடுத்துவிட்டார்கள்.

லில்லியுடையதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, எட்டு வீட்டில் கொடுத்தாள். வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் எதிர்வீட்டுக்குப் போனாள். சாயங்காலப் பால் நேரம். சென்னம்மா வாசலில்தான் இருந்தாள். மாடு செத்து ஒன்பது நாள் ஆகியும் பழக்கத்தில் கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"என்னா எழுதியிருக்குது, மேரி?"

அற்புதமேரி படித்துக் காட்டினாள். பெயர், ஊர், மாட்டின் நிறம், தொண்ணூறு சதவீதம் என்பது, பாஸ் என்பது. படித்து முடித்துத் தன் கையெழுத்தையும் காட்டினாள். "நான்தான் போட்டேங்க்கா. அன்னிக்கி ராத்திரியே வந்து ஒங்களுக்குச் சொல்லியிருக்கணும். அதையும் பண்ணல."

தெருமுனையில் சொசைட்டி வண்டியின் ஹாரன் கேட்டது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் கேனோடு வெளியே வந்தார்கள். சென்னம்மா கவிழ்த்திருந்த கேனை நிமிர்த்தி எடுத்து அற்புதமேரியின் முன்னால் நீட்டினாள்.

"நேரத்துக்கு எட்டு லிட்டர் கறந்தவ. தொண்ணூறுன்னா ஏழாச்சும் வரணுமே, மேரி. வந்து கறந்து குடு."